கீழ்வீட்டுக்குக் கேட்காமல் பேஸ் கிட்டார் பயிற்சி: எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்?

மும்பை செம்பூரில் இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. வேலை முடிந்து வந்து கிட்டாரைக் கையில் எடுக்கவே இரவு பத்தாகிவிடுகிறது. நான்கு கம்பி பேஸ் கிட்டாரும் 15 வாட் ஆம்பும் (கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) வைத்திருக்கிறீர்கள். இளையராஜா பாடல்களின் பேஸ் பகுதிகளைப் பழக வேண்டும் என்பது ஆசை. கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை மேலேறி வந்து சொல்லிவிட்டார். எட்டாயிரம் ரூபாய்க்குள் ‘நல்ல பேஸ் வரும்’ ஹெட்ஃபோன் எது, வீட்டில் இருக்கும் ப்ளூடூத் ஹெட்ஃபோனையே பயன்படுத்த முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கீழே கேட்கக் கூடாது என்பது ஒன்று. நீங்கள் வாசிப்பது உங்களுக்கு உள்ளபடி கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை எந்த ஹெட்ஃபோனும் பெரும்பாலும் தீர்த்துவிடும். பணம் வீணாவது இரண்டாவதில்தான். ‘நல்ல பேஸ்’ என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அது உறுதியாக வீணாகும்.

மும்பையில் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலய இசைக் குழுக்களிலும் நீண்ட காலமாக பேஸ் வாசித்து வருகிறேன். வீட்டில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள். எனவே ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் பேஸ் பழகுவது என்பது எங்கள் வகுப்பில் அன்றாடப் பேச்சு. கீழே சொல்பவற்றில் எது உறுதி, எது என் கருத்து, எது ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

கீழ்வீட்டு அம்மா மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கிட்டாரின் தடித்த ஈ கம்பியைத் திறந்த நிலையில் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். உங்கள் அறையின் நீளத்தைவிடப் பெரியது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தடுக்கச் சுவருக்குக் கனம் வேண்டும். சுவரில் ஒட்டும் பஞ்சும் முட்டை அட்டையும் அறைக்குள் எதிரொலிக்கும் கூர்மையான ஒலியைச் சற்றுத் தணிக்குமே தவிர, பேஸை நிறுத்தாது. ஆம்பைத் தரையில் வைத்திருந்தால் அதன் பெட்டி அதிர்ந்து, தளத்தின் வழியாகவே கீழ்வீட்டுக் கூரைக்கு ஒலி இறங்கிவிடும். செல்போனில் டெசிபல் அளக்கும் செயலியை வைத்து ‘45தானே காட்டுகிறது’ என்று வாதிடுவதும் சரியாக வராது. அந்தச் செயலிகள் பெரும்பாலும் ‘ஏ’ எடைமுறையில் அளப்பவை. அந்த முறை மனிதக் காதின் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 35 டெசிபல் கழித்துவிடும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருப்பதும் இதே எடைமுறையில்தான். எண் வரம்புக்குள் இருக்கும்போதே கீழே சன்னல் கண்ணாடி அதிரலாம். ஆகவே பத்து மணிக்குப் பிறகு ஆம்பின் ஸ்பீக்கரைக் குறைத்து வைத்து வாசிப்பது என்ற நடுவழியை விட்டுவிடுங்கள். குறைத்து வைத்தால் தாழ்ந்த சுரங்கள் காதுக்கு எட்டாது. எட்டவில்லை என்று கை தானாகவே ஒலியைக் கூட்டும்.

ஹெட்ஃபோன் போட்ட பிறகும் கீழே கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது: உங்கள் பாதம். தாளத்துக்குக் குதிகாலால் தரையைத் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காதை மூடிக்கொண்டிருப்பதால் நமக்கே அது கேட்பதில்லை. டைல்ஸ் தரையில் அந்த ‘தொம் தொம்’ கீழ்வீட்டில் தெளிவாகக் கேட்கும். ஜமுக்காளத்தை நாலாக மடித்துக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது கால் விரல் நுனியால் மட்டும் தட்டப் பழகுங்கள்.

ப்ளூடூத் பற்றிய பதில் உறுதியானது: பயிற்சிக்கு வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி வந்து சேர 150 முதல் 200 மில்லி செகண்ட் வரை, சில நேரம் அதற்கு மேலும் தாமதமாகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒரு கால் தட்டு 125. அதாவது நீங்கள் இப்போது மீட்டிய சுரம், அடுத்த கால் தட்டும் கடந்த பிறகுதான் காதில் விழும். பேஸ் வாசிப்பவரின் வேலையே காலத்தில் நிற்பது. அந்தக் காலமே பொய்யாகக் கேட்டால் கை அதற்கேற்பக் கோணலாகப் பழகிவிடும். பத்து மில்லி செகண்டுக்குக் குறைந்த தாமதம் பெரும்பாலோருக்கு உறுத்தாது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பதும் ஏறக்குறைய அதே தாமதம்தான். கிட்டாருக்கென்றே சொந்த வயர்லெஸ் முறையுடன் வரும் ஹெட்ஃபோன்கள் உண்டு. பாஸ் நிறுவனத்தின் வாசா-ஏர் பேஸ் அப்படி ஒன்று. அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் உங்கள் வரம்பைவிடப் பல மடங்கு விலை. உங்கள் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் 3.5 மில்லிமீட்டர் ஒயர் செருகும் துளை இருந்தால் அதன் வழியாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சிலவற்றில் தாமதம் முற்றிலும் போய்விடுகிறது. சில, ஒயர் வழியாக வந்த ஒலியையும் உள்ளே டிஜிட்டலாக மாற்றிப் பதப்படுத்தித்தான் தருகின்றன. செருகி, ஒரு சுரத்தை அறுத்து மீட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஹெட்ஃபோனுக்கும் கிட்டாருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கிட்டாரில் நேரடியாக ஹெட்ஃபோனைச் செருகினால் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வருவது ஹெட்ஃபோனை இயக்கப் போதாது. நடுவில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். உங்கள் ஆம்பின் முகப்பிலோ பின்புறமோ ‘ஹெட்ஃபோன்’ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பயிற்சிக்கென்று செய்யப்படும் சிறிய ஆம்புகள் பலவற்றில் இருக்கும். செருகியதும் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். ‘ஸ்பீக்கர் அவுட்’ என்று எழுதிய துளையில் மட்டும் ஒருபோதும் ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். ஹெட்ஃபோன் கருகும், காதுக்கும் ஆபத்து. ஹெட்ஃபோன் துளையே இல்லையென்றால் பணத்தை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப்ளக் பேஸ் போன்ற, கிட்டாரிலேயே நேராகச் செருகும் தீப்பெட்டி அளவுச் சாதனம் ஒரு வழி. பாட்டைப் போனிலிருந்து கொண்டுவரும் துளையும் அதில் இருக்கிறது. ஜூம் பி1 ஃபோர் போன்ற, ஒலியைப் பலவிதமாக மாற்றும் சிறிய மல்டி எஃபெக்ட் பெட்டி இன்னொரு வழி; அதில் தாளமும் சுருதி சேர்க்க உதவும் ட்யூனரும் சேர்ந்தே வரும். கணினி இருந்தால், கிட்டாரை அதில் இணைக்கும் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் மூன்றாவது வழி. பாடலோடு சேர்ந்து வாசிப்பதுதான் உங்கள் நோக்கம் என்பதால், எதை வாங்கினாலும் போனை இணைக்கும் ஆக்ஸ் துளை அல்லது அதற்கு நிகரான வசதி இருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு ஒரு காதில் இயர்ஃபோன், மறு காதில் ஹெட்ஃபோன் என்று மாட்டிக்கொண்டு வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் சலித்துவிடும்.

நடுவில் வரும் சாதனத்தில் ‘கேபினட் சிமுலேஷன்’, அதாவது ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலவே ஒலியை மாற்றித் தரும் வசதி, இருந்தால் நல்லது. உண்மையான பேஸ் ஆம்பின் ஸ்பீக்கர், நாலைந்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெருமளவு விழுங்கிவிடும். நேரடி மின்னொலியை அப்படியே காதில் கேட்டால் கம்பியை நகம் கீறுவதெல்லாம் பல்லைக் கூச வைக்கும். கால் மணி நேரத்தில் களைத்துவிடுவீர்கள். ஹெட்ஃபோன் மோசம் என்று பலர் குறை சொல்வதன் காரணம் உண்மையில் இதுதான்.

இனி ஹெட்ஃபோன். காதை முழுவதும் சுற்றி மூடி, பின்புறமும் மூடிய வகையை எடுங்கள். பின்புறம் திறந்த வகை காற்றோட்டமாக, இசை அறை முழுக்கப் பரவுவது போல் இருக்கும். தனி அறை உள்ளவர்களுக்கு அது அருமை. ஆனால் ஒலி வெளியே கசியும், உங்கள் வீட்டில் அதே அறையில் யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம். மேலும் அந்த வகையில் பெரும்பாலானவற்றில் அடிமட்ட ஒலி மெலிந்துபோகும். ஏகேஜி கே240 பாதி திறந்த வகை. குரலுக்கும் கிட்டாருக்கும் இனிமையானது, ஈ கம்பியின் அடியை அது தருவதில்லை. காதுக்குள் செருகும் இயர்ஃபோன் மோசமான தேர்வல்ல. ரப்பர் முனை சரியாக அடைத்தால் விலை குறைந்தவற்றில்கூட 40 ஹெர்ட்ஸ் தெளிவாக வரும். மே மாத வியர்வையில் பெரிய ஹெட்ஃபோனைவிட அதுவே சுகம். கூருணர்வு மிகுந்த சில இயர்ஃபோன்களில் ஆம்பின் ‘உஸ்’ இரைச்சல் பெரிதாகக் கேட்கும் என்பது ஒரு குறை.

எந்த வகையானாலும் காற்றுப் புகாமல் அடைப்பதில்தான் பேஸ் இருக்கிறது. கேஸ்கட் தளர்ந்த குக்கரில் ஆவி தங்காதது போல, காதுமெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி முதலில் போய்விடும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இது உண்மையான தொல்லை. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுகிறது. சோதிப்பது எளிது. ஈ கம்பியை மீட்டி ஒலிக்க விட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது அடி ஒலி சட்டென்று கூடினால் அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. ஒரே மாடல் ஒருவருக்கு ‘பேஸே இல்லை’, இன்னொருவருக்கு ‘பேஸ் அதிகம்’ என்று தோன்றக் காரணமும் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் எந்த மாடலையும் ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்’ என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் தலையை நான் பார்த்ததில்லை.

‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று எழுதி விற்பவற்றை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பது இந்தப் பதிலிலேயே முக்கியமான இடம். பேஸ் கிட்டாரின் ஒலி அடிமட்டத்தில் மட்டும் இல்லை. ஈ கம்பியை மீட்டும்போது 41 ஹெர்ட்ஸுடன் 82, 124, 165 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. பல நேரங்களில் 82தான் 41ஐவிட வலுவாக இருக்கும். உங்கள் 15 வாட் ஆம்பின் சிறிய ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் பெரிதாக வருவதே இல்லை. ஆனாலும் நமக்கு ஈ சுரம்தான் கேட்கிறது; மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. விரல் கம்பியைத் தொடும் நொடி, இடதுகை ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகப் பட்டையை) ஒட்டிக் கம்பியை அழுத்தியது சரியா, சுரம் எங்கே அறுந்தது என்பவை எல்லாம் ஏறத்தாழ 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில்தான் கேட்கும். அடியை ஊதிப் பெருக்கும் ஹெட்ஃபோன் இந்த நடுப்பகுதியை மூடிவிடுகிறது. எல்லாம் கொழுகொழுவென்று இனிமையாகக் கேட்கும். தவறு எதுவும் கேட்காது.

ஒரு சிறு உதாரணம். டி கம்பியில் ஏதாவது ஒரு வரிசையை வாசியுங்கள். கட்டை விரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றியபடியே வாசித்தால் தடித்த ஈ, ஏ கம்பிகள் யாரும் தொடாமலே மெல்ல ஒலிக்கத் தொடங்கும். நேர்மையான ஹெட்ஃபோனில் அது ஒரு முனகலாக, நீங்கள் நிறுத்திய பின்னும் தொங்கிக்கொண்டிருப்பது கேட்கும். உடனே கட்டை விரலை ஈ கம்பிக்கு இறக்கி, ஏ கம்பியையும் அதன் ஓரத்தால் அமர்த்தத் தோன்றும். ஊதிய பேஸில் அந்த முனகலும் ‘செழிப்பு’ என்றே தோன்றும். ஆள்காட்டி விரலின் அடியும் நடுவிரலின் அடியும் சமமாக இல்லாமல் இருப்பது பெரும்பாலான மாணவர்களின் குறை. அதுவும் இப்படித்தான் மறைந்துபோகும். பிறகு மேடையில் ஒலிப்பொறியாளர் உங்கள் அடியைக் குறைத்து நடுவை ஏற்றும்போது எல்லாம் ஒன்றாக வெளியே வரும். இளையராஜாவின் பேஸ் பகுதிகள் பல, தாளத்துக்குத் துணை நிற்பதோடு நின்றுவிடாமல் தனி மெட்டாகவே மேலே ஏறி இறங்குபவை. அவற்றைப் பழக நடுப்பகுதி துலங்கியே ஆக வேண்டும்.

பெயர் சொல்லச் சொன்னால், உங்கள் வரம்புக்குள் ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் பாதுகாப்பான தேர்வு. 47 ஓம் (மின்தடை அளவு), மூன்று மீட்டர் ஒயர், நடுப்பகுதி தெளிவு. ஒயரைக் கழற்ற முடியாது என்பதும் மெத்தை மெல்லியது என்பதும் குறைகள். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ வெளி ஒலியை மிக நன்றாகத் தடுக்கும். தலையை இறுக்கிப் பிடிக்கும், அது சிலருக்கு வலிக்கும். விலை உங்கள் வரம்பின் விளிம்பில் இருக்கும். சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துவரும் மாடல். வாசிப்பின் குறைகளை ஈவு இரக்கமின்றிக் காட்டும், மேல் ஒலி சற்றுக் கூர்மை. கொஞ்சம் பணம் சேர்த்தால் என் விருப்பம் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. 80 ஓம் வகையில் வெல்வெட் மெத்தை வருகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் செயற்கைத் தோல் மெத்தைகள் ஓரிரு மழைக்காலத்தில் கருஞ்செதில்களாக உரிந்து காதில் ஒட்டும். துணி மெத்தையில் அந்தத் தொல்லை இல்லை. அடி ஒலி அதில் சற்று மிகுதி என்பார்கள். உண்மைதான், ஆனால் நடுப்பகுதியை மூடும் அளவுக்கு இல்லை. இது என் செவிக்குத் தோன்றுவது, மாற்றுக் கருத்துள்ள நல்ல வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் ஒன்றை மட்டும் பாருங்கள். ஓம் கணக்கு 32க்கும் 80க்கும் இடையில் இருந்தால் சிறிய ஆம்பும் பேட்டரிச் சாதனமும் அதைத் தாராளமாக இயக்கும். டிடி 770இன் 250 ஓம் வகையைத் தெரியாமல் வாங்கிவிட்டால் ஒலி போதாமல் தவிப்பீர்கள். ‘5 முதல் 35,000 ஹெர்ட்ஸ்’ போன்ற வாசகங்களுக்குப் பொருள் இல்லை. அந்த விளிம்பில் ஒலி எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று சொல்லாதவரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். ‘ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் திறக்கும்’ என்பதையும் கேள்விப்படுவீர்கள். மெத்தை உங்கள் முகத்துக்குப் பதிவதும் செவி பழகுவதும்தான் பெரும்பங்கு என்பது என் எண்ணம்.

ஹெட்ஃபோனில் புதிதாக ஒன்று கேட்கும்: ‘ம்ம்ம்’ என்ற மின் முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் அவ்வளவு பக்கம் என்பதால் முனகலை ஈக்வலைசரால் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டினால் சுரமும் சேர்ந்து வெட்டுப்படும். கம்பியைக் கையால் தொட்டதும் முனகல் குறைகிறது என்றால் வீட்டின் மூன்றாவது பின்னில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் அது பெயருக்கு மட்டும் இருப்பதுண்டு. தொட்டாலும் குறையாமல், நீங்கள் உட்காரும் திசையைத் திருப்பினால் மாறுகிறது என்றால், பிக்கப் பக்கத்திலிருக்கும் சார்ஜரையோ ஃபேன் ரெகுலேட்டரையோ பிடிக்கிறது. தள்ளி உட்காருங்கள்.

ஒலி அளவில் கவனம் வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தம் என்பதால் பேஸ் வாசிப்பவர்கள் தம்மை அறியாமல் கூட்டிக்கொண்டே போவார்கள். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி என்பது வேலையிடங்களுக்கு வகுத்த பரவலான கணக்கு. 94இல் ஒரு மணி நேரம்தான். பாடலை முதலில் குறைவாக வையுங்கள், அதன் மேல் கிட்டாரைச் சமமாக ஏற்றுங்கள், பிறகு அந்தக் குமிழைத் தொடாதீர்கள். கேட்கவில்லை என்று தோன்றினால் பாடலைக் குறையுங்கள். வாசித்து முடித்ததும் காதில் ‘கிர்’ என்று ஒலித்தால் அன்றைய அளவு அதிகம். அது மறுநாளும் நீடித்தால் காது மருத்துவரிடம் போங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஹெட்ஃபோன் கற்றுத்தராததும் உண்டு. கம்பியின் அதிர்வு அறையில் எப்படிப் பரவுகிறது, ட்ரம்ஸின் பக்கத்தில் உங்கள் சுரம் எவ்வளவு நீளமாக நிற்கிறது என்பதை உடம்பால்தான் உணர முடியும். ஞாயிறு பகலில் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆம்பை நாற்காலி மேல் ஏற்றி வைத்து அரை மணி நேரம் வாசியுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

வாங்கப் போகும்போது கிட்டாரையும் உங்கள் ஆம்பையோ சாதனத்தையோ எடுத்துக்கொண்டே போங்கள். மும்பையின் மின்னணுச் சந்தையான லாமிங்டன் ரோட்டில் விலை குறையும், போலியும் கிடைக்கும். பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். ஆம்பின் துளை பெரிய 6.35 மில்லிமீட்டர் அளவாக இருந்தால் மாற்றி (அடாப்டர்) தேவைப்படும். முள்ளில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ மாற்றியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே வளையம் உள்ளதைச் செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும், ஹெட்ஃபோன் பழுது என்று நினைத்துத் திரும்பவும் கடைக்கு ஓடுவீர்கள். உங்கள் ஆம்பின் மாடல் பெயரை எழுதுங்கள். அதில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று தெரிந்தால் எட்டாயிரத்தை எப்படிப் பிரிப்பது என்பதைச் சரியாகச் சொல்லிவிடலாம்.